ஒரு கடிதமும் ஓர் உருபும்



எட்டு வயதான என் மகள் தன் பாட்டிக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கடிதம் மிகச் சிறியது. அதில் நேர்ந்த பிழையும் ஓரெழுத்து அளவினதே. ஆயினும் அவ்வோரெழுத்து எனக்குக் கற்பித்த பாடம் பெரிது. பிற மாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் பலருக்கும் அப்பாடம் பயன்படக்கூடும் என்று கருதியே அதனை ஈண்டுக் கூற முன்வந்தேன்.

நான் கொல்கத்தாவின் கிழக்கே சால்ட் லேக் என்னும் நகர்ப் பகுதியில் குடியிருக்கிறேன். மைய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிகிறேன். பெயருக்கேற்ப இவ்விடம் ஒரு காலத்தில் உப்புச் சதுப்பு நிலமாக இருந்தது. 1960-களில் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய்கள் வழியே கொணர்ந்து கொட்டி, நீரை நிலமாக்கி, அந்நிலத்தின்மீது இந்நகரை எழுப்பினர். இதற்குத் திட்டம் வகுத்தவர் யூகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் தோஷ்கோவிச். மேற்கு வங்க முதலமைச்சராக இருந்து 1962-இல் மறைந்த டாக்டர் பிதான் சந்திர ராயின் நினைவாக இதற்குப் பிதான்நகர் என்ற பெயரும் உண்டு. இங்கே தெருக்களைவிட நீர்த்தொட்டிகளே பெயர் பெற்றவை. இத்தனையாம் எண் தொட்டிக்கு அருகில் என்று சொல்லித்தான் வீட்டிற்கு வழி காட்டுகின்றனர்.

தென் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். அங்கே காய்கறிக் கடையிலும் கோயில் வாசலிலும் குழந்தையின் செவியில் தமிழ் விழும். சால்ட் லேக்கில் நாங்கள் சிதறிக் கிடக்கிறோம். என் மகளுக்குப் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். விளையாட்டுத் திடலில் வங்காளம். தமிழ் எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள் மட்டுமே உண்டு. அங்கும் நான் அலுவலகத்திலிருந்து திரும்பிய பின்னரே அது முழுமையாக வழங்கும்.

கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சிற்றூரில் வாழும் என் தாயாருக்குச் செவிப்புலன் மங்கிவிட்டது. தொலைபேசியில் பேத்தி எவ்வளவு உரக்கப் பேசினாலும் அவருக்குக் கேட்பதில்லை. திரையில் முகத்தைப் பார்த்துப் புன்னகை புரிவார், அவ்வளவே. கண் பார்வையோ இன்றும் தெளிவாக இருக்கிறது. எனவே பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே எஞ்சியிருக்கும் ஒரே வழி கடிதம். பாட்டிக்குத் தமிழன்றி வேறு எழுத்துத் தெரியாது.

சென்ற ஆண்டு என் மகள் தானாக ஒரு கடிதம் எழுதினாள். அதன் நடுவே இவ்வாறு ஒரு வாக்கியம்: ‘எனக்குச் சந்தேஷ் பாட்டியை விடப் பிடிக்கும்.’ நான் அதைப் படித்துப் பாராமலே உறையிலிட்டு அனுப்பிவிட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. ‘கண்ணே, உனக்குப் பிடித்த சந்தேஷைப் பாட்டிக்கும் ஒரு பெட்டி அனுப்பு. என்னைக் காட்டிலும் இனியது அப்படி என்ன என்று நானும் தின்று பார்க்கிறேன்’ என்று என் தாயார் எழுதியிருந்தார்.

என் மனைவி அதைப் படித்துச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. தான் எழுதியது அதுவன்று, சந்தேஷைக் காட்டிலும் பாட்டியைத்தான் பிடிக்கும் என்று எழுதினேன் என்று சொல்லி அழத் தொடங்கினாள். ‘நீதானே அப்பா சொன்னாய், விட என்றால் மோர் என்று!’ என்று என்னையே கேட்டாள்.

உண்மைதான். முந்திய வாரம் அவள் ஆங்கிலப் பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, ‘மோர்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். செய்தித்தாளில் கண்ணை வைத்தபடியே, ‘விட’ என்று சொல்லிவிட்டேன். அவளும் அதனை நம்பி, ‘பாட்டியை மிகுதியாகப் பிடிக்கும்’ என்னும் பொருளில் ‘பாட்டியை விடப் பிடிக்கும்’ என்று எழுதினாள். மொழிபெயர்த்தே ஊதியம் பெறும் ஒருவன் தன் குழந்தைக்குத் தவறான மொழிபெயர்ப்பைக் கொடுத்தான். அதன் பயனாக, எழுபத்தைந்து வயது மூதாட்டி தம் பேத்தியின் அன்பில் ஓர் இனிப்புப் பண்டத்திற்குப் பின்னே நிறுத்தப்பட்டார்.

அன்றிரவே ஒரு முடிவு செய்தேன். நாள்தோறும் கால் மணி நேரம் அவளுக்குத் தமிழ் கற்பிப்பது. ஆங்கிலத்தின் வழியாகக் கற்பிப்பதில்லை. இம்முயற்சியில் மூன்று படிகள் அமைந்தன. முதலாவது அசை பிரித்தல், இரண்டாவது சொல்லிறுதி, மூன்றாவது ஒப்பிட்டுக் கூறல். இவ்வரிசையை நான் புத்தகத்தில் காணவில்லை. குழந்தையின் திணறலே எனக்குக் காட்டியது.

முதலில் அசை. சொல்லின் இறுதியில் நேரும் மாற்றத்தைக் குழந்தை உணரவேண்டுமானால், அச்சொல்லைத் துண்டு துண்டாகக் கேட்கப் பழகியிருக்க வேண்டும். இதற்குக் கைதட்டலே போதும். உயிரொலி ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. புள்ளி வைத்த எழுத்து முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘அம்மா’ என்பது அம்-மா, இரண்டு தட்டு. ‘கடிதம்’ என்பது க-டி-தம், மூன்று தட்டு. இவ்வாறு பழகியதும் மற்றொரு நன்மையும் விளைந்தது. வரி முடிவில் இடம் போதாதபோது ‘அ’ என்று ஒரு வரியிலும் ‘ம்மா’ என்று அடுத்த வரியிலும் எழுதும் வழக்கம் அவளிடம் இருந்தது. தமிழில் எந்த அசையும் புள்ளி எழுத்தில் தொடங்குவதில்லை. ஆதலால் வரியும் அவ்வாறு தொடங்கலாகாது. விதியாகச் சொன்னபோது மறந்தவள், தட்டிக் காட்டியபோது மறக்கவில்லை.

யாப்பிலக்கணம் கூறும் அசை இதனின் வேறுபட்டது என்பதைப் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும். பேச்சில் ‘படம்’ என்பதற்கு இரண்டு தட்டு. செய்யுளிலோ அது நிரை என்னும் ஓரசை. ‘பாடம்’ என்பது செய்யுளிலும் பா-டம் என நேரும் நேருமாக இரண்டசை. குறில் தனித்து நில்லாமல் அடுத்த எழுத்தோடு இணைவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். முதலில் கைதட்டல், அது பழகிய பின்னர் நேரும் நிரையும் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

நேர், நிரைகளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களைக் கவனியுங்கள். தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். இவை வெறும் குறியீடுகள் அல்ல. ஒவ்வொரு பெயரும் தான் குறிக்கும் ஓசையைத் தானே ஒலித்துக் காட்டுகிறது. தேமாவும் புளிமாவும் மாமரங்கள். கூவிளம் என்பது வில்வம். மரத்தின் பெயரைச் சொன்னால் ஓசை தானே வந்துவிடும். சிறு பிள்ளைகளுக்கு இதனினும் எளிய வழி வேறென்ன வேண்டும்?

கும்பகோணத்து மாமரத்தைக் காணாத குழந்தைக்கு நான் கொல்கத்தாவின் ஊர்ப்பெயர்களைக் கொடுத்தேன். ஹூக்ளி என்பது தேமா. ரயிலேறச் செல்லும் சியால்தா புளிமா. எங்கள் பிதான்நகர் கருவிளம். காளிகாட் கூவிளம். இவ்வாறு நான்கும் அமைந்தபோது அவளைவிட நானே மகிழ்ந்தேன். அவள் அத்தோடு நிற்கவில்லை. கொல்கத்தா எது என்று கேட்டாள். கொல்-கத்-தா, மூன்றும் நேர், ஆகவே தேமாங்காய். எங்கள் வீட்டிற்கு அருகிலுள்ள கருணாமயி என்னும் பேருந்து நிலையம் கரு-ணா-மயி, நிரை, நேர், நிரை, ஆகவே புளிமாங்கனி. பேருந்தில் நடத்துநர் நிறுத்தத்தின் பெயரைக் கூவும்போதெல்லாம் அவள் மெல்ல ‘புளிமாங்கனி’ என்பாள். நீங்கள் மும்பையிலோ, தில்லியிலோ, புவனேசுவரத்திலோ வாழ்பவராயின், உங்கள் ஊர்ப்பெயர்களைக் கொண்டே இவ்விளையாட்டை ஆடலாம்.

இனி இரண்டாம் படியான சொல்லிறுதிக்கு வருவோம். ஆங்கிலம் வேற்றுமைப் பொருளைப் பெரும்பாலும் பெயருக்கு முன்னே தனிச்சொல்லாக வைக்கிறது. தமிழ் அதனைப் பெயரின் பின்னே உருபாக ஒட்டுகிறது. ஆங்கிலவழிப் பிள்ளைகள் உருபை விட்டுவிடுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் வங்காளமோ நம்மைப் போலவே பின்னே ஒட்டும் மொழி. ‘பாடி’ என்றால் வீடு. ‘பாடிர்’ என்றால் வீட்டின். ‘பாடிதே’ என்றால் வீட்டில். ‘பாடி தேகே’ என்றால் வீட்டிலிருந்து. விளையாட்டுத் திடலில் ஒருநாளும் தவறாமல் இவற்றைச் சொல்லும் குழந்தைக்கு உருபு என்பது புதிய கருத்தாகுமா? அயல்மொழி நம் மொழிக்குப் பகை என்று எண்ணியிருந்த எனக்கு, அடுத்த வீட்டு மொழியே துணையாசிரியராக வந்து நின்றது.

வேறுபாடும் உண்டு. வங்காளத்தில் ‘பாடி’ எங்கும் பாடியே. தமிழில் உருபு ஏறும்போது சில பெயர்கள் உருமாறும். ‘மரம்’ என்பது ‘மரமை’ ஆகாமல் ‘மரத்தை’ ஆகும். ‘வீடு’ என்பது ‘வீடில்’ ஆகாமல் ‘வீட்டில்’ ஆகும். இங்கேதான் நம் பிள்ளைகள் இடறுகின்றனர். சாரியை என்றும் இரட்டித்தல் என்றும் எட்டு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பயனில்லை. நான்கு பழைய பிஸ்கட் டப்பாக்களை எடுத்துக்கொண்டேன். முதல் டப்பாவில் மரம், படம், குளம், பாடம்: இவை ‘அத்து’ வாங்கும் சொற்கள். இரண்டாவதில் வீடு, நாடு, ஆறு, சோறு: இவை இறுதி வல்லெழுத்தை இரட்டிக்கும் சொற்கள். மூன்றாவதில் பாட்டி, மேசை, பூ, பலா: இவற்றிற்கு இடையே யகரமோ வகரமோ வந்து பாலம் போடும். நான்காவதில் பால், பந்து, மூக்கு: இவற்றில் எழுத்து எதுவும் புதிதாக வந்து சேராமலே உருபு ஏறும். நாள்தோறும் இரவு உணவின்போது கேட்ட புதிய சொல் ஒவ்வொன்றும் சீட்டில் எழுதப்பட்டு, உரிய டப்பாவைச் சேரும். ஒரு மாதத்தில் ‘மரமை’ மறைந்தது. இலக்கணப் பெயர்களை அவள் பின்னால் கற்பாள். பெயரிடுவதற்கு வேண்டிய பொருள் இப்போது அவள் கையில் இருக்கிறது.

வினையின் இறுதி இன்னொரு சிக்கல். வங்காள வினையில் ஆண்பால், பெண்பால் வேறுபாடில்லை. அவன் வந்தாலும் அவள் வந்தாலும் ‘எஷேச்சே’ ஒன்றே. அதனால் என் மகள் ‘அக்கா வந்தான்’ என்று தயங்காமல் சொல்வாள். ஆனால் உயர்ந்தோரைக் கூறும்போது வங்காளி ‘எஷேச்சென்’ என்பார். நாம் ‘வந்தார்’ என்பது போல. மக்களை எண்ணும்போது ‘துஜொன்’ என்றும், பொருள்களை எண்ணும்போது ‘துடோ’ என்றும் கூறுவர். நாம் ‘இருவர்’ என்றும் ‘இரண்டு’ என்றும் பிரிப்பது போல. மரியாதை விகுதிக்கும் உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டிற்கும் அவளிடம் முன்னரே அடித்தளம் இருந்தது. ஆண், பெண் வேறுபாடு ஒன்றைத்தான் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. குழந்தைக்கு எது தெரியாது என்று பட்டியலிடுவதற்கு முன், எது தெரியும் என்று பார்ப்பது நன்று.

மூன்றாம் படிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கண்ணீருக்குக் காரணமான ஒப்பீடு இதுவே. ஆங்கிலத்தில் பண்பைக் கூறும் சொல்லே மாறும். பெரியது என்பதற்கு ஒரு வடிவம், அதனினும் பெரியதற்கு ஒன்று, எல்லாவற்றிலும் பெரியதற்கு ஒன்று என மூன்று நிலைகள். பள்ளியில் அம்மூன்றையும் கட்டமிட்டு எழுதப் பழகிய குழந்தை, தமிழிலும் மூன்று கட்டங்களைத் தேடுகிறது. தமிழில் அக்கட்டங்கள் இல்லை. ‘பெரிய’ என்பது எங்கும் ‘பெரிய’ என்றே நிற்கும். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர், இம்மொழிகள் பண்புச் சொல்லில் விகுதி சேர்த்து ஒப்பிடுவதில்லை என்பதைக் குறித்துள்ளார்.

அவ்வாறாயின் ஒப்பீடு எங்கே இருக்கிறது? பெயரின் இறுதியில் இருக்கிறது. எதனோடு ஒப்பிடுகிறோமோ, அப்பெயரின்மேல் உருபு ஏறுகிறது. பழைய இலக்கணிகள் இதனை ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்றாக வைத்தனர். உரையாசிரியர்கள் காக்கையையும் களாப்பழத்தையும் அருகருகே நிறுத்தி, எது கரியது என்று கேட்டு இதனை விளக்கியிருக்கிறார்கள். இக்கால வழக்கில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’யின் பின்னே ‘விட’, ‘காட்டிலும்’, ‘பார்க்கிலும்’ என்னும் சொற்கள் வருகின்றன. விட என்பது விடுதலிலிருந்தும், காட்டிலும் என்பது காட்டுதலிலிருந்தும், பார்க்கிலும் என்பது பார்த்தலிலிருந்தும் பிறந்தவை. வங்காளத்திலும் ‘சேயே’ என்னும் சொல் இவ்வேலையைச் செய்கிறது. அதுவும் நோக்குதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்ததே. இரு மொழியினரும் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை அளக்கின்றனர். பண்புச் சொல்லை இருவருமே மாற்றுவதில்லை.

இதனைக் கற்பிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். அதில் ‘ஐவிட’ என்று எழுதினேன். மேசைமேல் ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் ஒரு நெல்லிக்காயையும் வைத்தேன். அளவுகோலாக நிற்கும் பொருளின்மேல்தான் சீட்டை ஒட்டவேண்டும் என்பது விதி. சீட்டு ஆரஞ்சின்மேல் இருந்தால், ஆரஞ்சைவிட நெல்லிக்காய் சிறியது. சீட்டை நெல்லிக்காய்க்கு மாற்றினால், நெல்லிக்காயைவிட ஆரஞ்சு பெரியது. பின்னர் பொருள்களிலிருந்து மக்களுக்குச் சென்றோம். அப்பாவைவிட அம்மா பொறுமையானவள் என்று சீட்டை என் சட்டையில் ஒட்டினாள். அவ்வாக்கியத்தில் ‘பொறுமையானவள்’ என்னும் பெண்பாலிறுதியும் தானே வந்து சரியாக அமர்ந்தது. எல்லாவற்றிலும் மேலானதைக் கூற, எல்லாவற்றின் மேலும் சீட்டை ஒட்டினால் ஆயிற்று: எல்லாரையும்விட மூத்தவர் பாட்டி.

அப்போது அவளே ஓடிச் சென்று பழைய கடிதத்தின் வாக்கியத்தை எழுதி எடுத்து வந்தாள். சீட்டைப் பாட்டியிடமிருந்து எடுத்துச் சந்தேஷின்மேல் ஒட்டினாள். ‘சந்தேஷைவிடப் பாட்டியைப் பிடிக்கும்.’ ஓர் உருபு இடம் மாறியதும் பாட்டிக்கு உரிய இடம் திரும்பக் கிடைத்தது.

நேயர்களே, வங்காளியர் வீடுகளில் வித்தியாசாகரர் 1855-இல் எழுதிய ‘வர்ணபரிச்சய்’ இன்றும் குழந்தையின் கைக்கு வருகிறது. அதன் பின்னர் ரவீந்திரநாத தாகூர் எழுதி நந்தலால் போஸ் படம் வரைந்த ‘சஹஜ் பாட்’ 1930-இல் வெளிவந்தது. பேரறிஞரும் பெருங்கவிஞரும் எழுத்தறியாக் குழந்தைக்காக நேரம் ஒதுக்கியதைச் சிறுமையாகக் கருதவில்லை. நம்மிடமும் ஔவையாரின் ஆத்திசூடி உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இயற்றிய பாலபாடங்கள் உண்டு. வெளியிடங்களில் வாழ்வோருக்கெனத் தமிழ்நாட்டரசு 2001-இல் தொடங்கிய இணையவழித் தமிழ்க் கல்வியும் உண்டு. இந்திய அரசு 2004-இல் தமிழையும், 2024-இல் வங்காளத்தையும் செம்மொழி என அறிவித்தது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆயினும் பெருமை தானாக ஒரு குழந்தைக்கு ‘ஐ’ உருபைக் கற்பிப்பதில்லை. அதற்கு வீட்டில் ஒருவர் செய்தித்தாளைக் கீழே வைக்க வேண்டும்.

இரண்டாம் கடிதம் சென்ற குளிர்காலத்தில் அனுப்பப்பட்டது. உடன் புதிய பேரீச்ச வெல்லம் சேர்த்த சந்தேஷ் ஒரு பெட்டியும், ஊருக்குச் சென்ற நண்பர் ஒருவர் மூலம் போயிற்று. என் தாயார் பேசும்போது ஊர்வழக்கில் பேசினாலும், கடிதமென்றால் தாம் பள்ளியில் கற்ற நடையில்தான் எழுதுவார். அவருடைய மறுமொழியில் இருந்தது இதுவே: ‘சந்தேஷ் இனிது. உன் கடிதம் அதனினும் இனிது.’

மகள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அப்பா, இதில் விட எங்கே? அதனினும் என்றால் என்ன?’ என்று கேட்டாள். காக்கையையும் களாப்பழத்தையும் எடுத்துச் சொல்லும் வேளை வந்துவிட்டது என்று அறிந்தேன். அடுத்த பாடத்தைப் பாட்டியே தொடங்கி வைத்துவிட்டார்.